நெய்வேலி வட்டாரம் எல்லோருக்குமாக வளர்கிறதா? எதை அளப்பது, யாரை எண்ணுவது?

கேள்வி | 2 ஆகஸ்ட் 2025, மாலை 6.15

கடலூர் மாவட்டத்தின் தலைவீத வருமானம் ஏறிக்கொண்டே போகிறது. பழுப்பு நிலக்கரிச் சுரங்கமும் அனல்மின் நிலையங்களும் சுற்றுவட்டாரம் முழுவதையும் தூக்கிவிட்டன என்பது என் வாதம். மாவட்ட வருமானம், வறுமைக் குறியீடு, வேலையின்மை விகிதம் மூன்றையும் சேர்த்து நூற்றுக்கு இத்தனை என்று ஒரே எண்ணாகக் காட்ட வழி உண்டா? நேரில் போய் விசாரிப்பதானால் எத்தனை குடும்பம் போதும்?

பதில் | 2 ஆகஸ்ட், இரவு 9.40

மாவட்ட வருமானத்தை முதலில் தள்ளி வையுங்கள். அது பொய்க் கணக்கு இல்லை, ஆனால் உங்கள் கேள்விக்கான கணக்கும் இல்லை. எங்கே விளைந்தது என்று பார்த்து எழுதுவதுதான் மாவட்டக் கணக்கு. யார் கைக்குப் போனது என்று அது பார்ப்பதில்லை. நெய்வேலியின் மூன்று சுரங்கங்களின் திறன் முறையே 105 லட்சம், 30 லட்சம், 150 லட்சம் டன், ஆண்டுக்கு மொத்தம் 285 லட்சம் டன். அதை எரித்து வரும் மின்சாரத்தின் மதிப்பும் சேர்ந்து கடலூர் மாவட்டத்தின் பேரில் ஏறுகிறது. லாபம் பங்குதாரருக்குப் போகிறது. சுரங்கங்களை நடத்தும் என்.எல்.சி. நிறுவனத்தின் பங்குகளில் 2024 மார்ச்சில் ஒரு பகுதியை விற்ற பிறகும் 72 சதத்துக்குச் சற்று மேல் மத்திய அரசின் கையில் இருக்கிறது. வட்டி கடன் கொடுத்தவருக்கு, தேய்மானம் இயந்திரத்துக்கு. ஊரில் தங்குவது சம்பளமும், உள்ளூர் ஒப்பந்தங்களில் ஒரு பங்கும்தான்.

ஒரு பேச்சுக்கு, மதிப்புக் கூட்டல் (விளைந்ததன் விலையில் வாங்கிய பொருட்களின் செலவு போக மிச்சம்) 100 ரூபாய் என்றும் அதில் சம்பளம் 30 என்றும் வைப்போம். அந்த 30-லும் வெளியூரில் வீடு கட்டவும் பிள்ளை படிப்புக்கும் 10 போய்விட்டால், மாவட்டக் கணக்கு 100 என்று காட்டும் இடத்தில் வட்டாரத்தில் புரள்வது 20. சுரங்கம் விரிந்து 100 என்பது 130 ஆகும்போது இந்த 20 ஏறாமலே இருக்கலாம், ஏனென்றால் சுரங்கத்தை வெட்டும் பக்கெட் வீல் இயந்திரம் பெரிதாகப் பெரிதாக டன்னுக்கு ஆள் குறையும்.

வகுக்கும் எண்ணிலும் சிக்கல் இருக்கிறது. மக்கள்தொகை இன்னும் 2011 கணக்கை நீட்டிப் போட்டதுதான் (அப்போது மாவட்டத்துக்கு 26,05,914). அடுத்த கணக்கெடுப்பு 2027 மார்ச் 1-ஐ அடிப்படையாகக் கொண்டது. அதுவரை தலைவீதம் என்று வரும் எதுவும் ஊகத்தால் வகுத்ததே.

3 ஆகஸ்ட், காலை 7.05

வறுமைக் குறியீட்டைப் பற்றி. நிதி ஆயோக்கின் பல்பரிமாண வறுமைக் கணக்கில் (வருமானத்தைப் பார்க்காமல் உடல்நலம், கல்வி, வாழ்க்கை வசதிகளைப் பார்ப்பது) தமிழ்நாடு 2015-16-ல் 4.76 சதம், 2019-21-ல் 2.20 சதம். நூறு பேரில் இரண்டு பேரைப் பிடிக்கும் சல்லடையைக் கொண்டு ஊருக்கும் ஊருக்கும் வித்தியாசம் பார்க்க முடியாது. அதன் அடித்தளமான தேசியக் குடும்ப நல ஆய்வின் ஐந்தாம் சுற்று 707 மாவட்டங்களில் சுமார் 6.37 லட்சம் குடும்பங்களைப் பார்த்தது. மாவட்டத்துக்குச் சராசரி 900. அதில் சுரங்க ஓரத்து ஊர்கள் எத்தனை விழுந்திருக்கும்?

இதைவிடப் பெரிய கோளாறு ஒன்று உண்டு. அந்தக் குறியீட்டின் 12 அம்சங்களில் விளைநிலம் கிடையாது. நிலத்தைக் கொடுத்துவிட்டு இழப்பீட்டில் தளம் போட்ட வீடு, கழிப்பறை, கேஸ் அடுப்பு, வங்கிக் கணக்கு, ஒரு பைக் என்று வாங்கிய குடும்பம் அந்தக் கணக்கில் மேலே ஏறிவிடும். நிலம் போனதும் ஆண்டு வருமானம் அறுந்ததும் அதன் கண்ணில் படாது. ஊரையே காலி செய்தாலும் குறியீடு நல்லதாகத் தெரியக்கூடிய அளவுகோலை இந்த வட்டாரத்துக்கு எடுக்கவே கூடாது என்பது என் உறுதியான கருத்து.

3 ஆகஸ்ட், இரவு 10.20

எல்லைக்கு வருவோம். மாவட்டம் வேண்டாம், தாலுகாவும் வேண்டாம். குறிஞ்சிப்பாடி, விருத்தாசலம், புவனகிரி, ஸ்ரீமுஷ்ணம் என்று பிரித்தாலும் ஒவ்வொன்றிலும் சுரங்கம் தொட்ட ஊரும் தொடாத ஊரும் கலந்தே கிடக்கும். ஐந்து அடுக்காகப் பிரியுங்கள்:

டவுன்ஷிப். நிலம் கொடுத்தவர்களைக் குடியமர்த்திய நகர்கள். நிலமெடுப்பு அறிவிப்பு வந்து இன்னும் எடுக்காத சுரங்க ஓர ஊர்கள். சுரங்கத்திலிருந்து 5 முதல் 15 கிலோமீட்டர் வரை உள்ளவை. கடைசியாக, ஒப்பிட்டுப் பார்க்க, மாவட்டத்திலேயே சுரங்கத்தின் சுவடே படாத ஊர்கள்.

மூன்றாவது அடுக்கை விட்டுவிடாதீர்கள். அறிவிப்பு வந்த ஊரில் கிணறு வெட்ட மாட்டார்கள், வீட்டுக்கு மாடி எடுக்க மாட்டார்கள், அடமானத்துக்கு நிலத்தை யாரும் ஏற்க மாட்டார்கள். சுரங்கம் வந்து சேர்வதற்குப் பல வருடம் முன்பே ஊர் தேங்கிவிடும். எடுத்த பிறகு மட்டும் அளந்தால் இந்தத் தேக்கம் 'முன்னிருந்த நிலை' என்று பதிவாகி, பின்னால் வருவது வளர்ச்சியாகத் தெரியும்.

குடும்ப எண்ணிக்கை: ஒரு விகிதத்தை 10 புள்ளி கூடக்குறைய 95 சத நம்பிக்கையில் சொல்ல 96 குடும்பம். ஒரே தெருவில் பலரை எடுப்பதால் வரும் இழப்புக்கு ஒன்றரை மடங்கு, 144. பத்தில் ஒருவர் பேச மறுப்பார் என்று வைத்தால் 160. ஐந்து அடுக்குக்கு 800.

5 ஆகஸ்ட், காலை 6.50

டவுன்ஷிப்பைத் தனியாக வைக்கச் சொன்னதற்குக் காரணம் கேட்டிருக்கிறீர்கள். 2011-ல் அங்கே 1,05,731 பேர். நகராட்சி இல்லை, ஊராட்சியும் இல்லை, நிறுவனமே நிர்வகிக்கிறது. ஊராட்சிக் கணக்குகளில் அது வராது. குவார்ட்டர்ஸ் வேலையில் இருப்பவருக்கு ஒதுக்குவது. ஓய்வு பெற்றால் காலி செய்யவேண்டும். அதனால் எந்த வருடம் போய்ப் பார்த்தாலும் சம்பளம் வாங்குகிற குடும்பம்தான் பெரும்பாலும் கதவைத் திறக்கும். சம்பளம் நின்றவர் வடலூருக்கோ இந்திரா நகருக்கோ சொந்த ஊருக்கோ போயிருப்பார். அந்தச் சராசரி எப்போதும் உயரமாகவே நிற்கும், ஏனென்றால் இறங்கியவர்கள் அங்கே இருக்கவே மாட்டார்கள்.

5 ஆகஸ்ட், இரவு 11.10

'வேலையின்மை விகிதம் குறைவுதானே, அது நல்ல செய்திதானே' என்று இன்னொருவர் எழுதியிருக்கிறார். இதற்குத்தான் விரிவாகப் பதில் சொல்லவேண்டும்.

நடவும் களையெடுப்பும் பெண்கள் கையில் இருந்த வேலை. நிலம் போன அன்றே அந்த வேலையும் போகிறது. பிறகு கணக்கெடுப்பவர் வந்து 'வேலை தேடினீர்களா' என்று கேட்டால், 'எங்கே போய்த் தேடுவது' என்றுதான் பதில் வரும். காலமுறைத் தொழிலாளர் கணக்கெடுப்பின் படிவத்தில் அது குறியீட்டு எண் 92, வீட்டுவேலை. விறகு பொறுக்கினால், ஆடு மாட்டுக்குத் தழை ஒடித்தால் 93. இரண்டுமே உழைப்புச் சந்தைக்கு வெளியே. வேலையற்றோர் பட்டியலில் அந்தப் பெண் வரவே மாட்டார். விகிதத்தில் மேலே உள்ள எண் (வேலையற்றோர்) ஏறாது, கீழே உள்ள எண் (வேலையில் இருப்போரும் தேடுவோரும்) கொஞ்சம் சுருங்கும். ஊரில் பாதிப் பெண்கள் வேலை இழந்தாலும் வேலையின்மை விகிதம் பெரிதாக அசையாது.

ஆகவே வேலையின்மையை விட்டுவிட்டு, 15 வயதுக்கு மேற்பட்டோரில் வேலையில் இருப்பவர் எத்தனை சதம் என்பதை ஆணுக்கும் பெண்ணுக்கும் தனித்தனியாக எடுங்கள். அதோடு வருடத்தில் கூலி கிடைத்த நாட்கள். மாதவாரியாகக் கேட்கவேண்டும். 'வருடத்துக்கு எத்தனை நாள்' என்று மொத்தமாகக் கேட்டால் எல்லோரும் 100 என்பார்கள், நூறு நாள் வேலை நாவில் பழகிவிட்டது. 'கார்த்திகையில் என்ன வேலை, தையில் என்ன வேலை' என்று தமிழ் மாதத்தைச் சொல்லி, பயிரைச் சொல்லிக் கேட்டால் கை விரல் மடக்கி எண்ணிச் சொல்வார்கள். 12 மாதமும் கேட்டு முடிக்க ஆளுக்கு ஏழெட்டு நிமிடம் ஆகும். நேரம் போகிறது என்று இதைச் சுருக்கினால் மொத்த ஆய்வும் வீண்.

காலமுறைத் தொழிலாளர் கணக்கெடுப்பு 2025 ஜனவரி முதல் மாவட்டத்தை அடிப்படை அலகாக எடுத்துக்கொண்டது நல்ல மாற்றம். மாவட்டத்துக்குக் கீழே அது இறங்காது என்பதால் ஒப்பிட்டுப் பார்க்க மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

7 ஆகஸ்ட், மதியம் 1.30

'என்.எல்.சி.யில் வேலை' என்பது ஒரு வகை இல்லை. நிரந்தரத் தொழிலாளி, சொசைட்டித் தொழிலாளி (தொழிற்கூட்டுறவுச் சங்கம் வழியாக வருபவர்), ஒப்பந்தக்காரரிடம் இருப்பவர், அவருக்கும் கீழே துணை ஒப்பந்தத்தில் இருப்பவர், இயந்திரம் நிற்கும் பராமரிப்புக் காலத்துக்கு மட்டும் கூப்பிடப்படுபவர் என்று குறைந்தது ஐந்து. ஒரே கேட் வழியாக உள்ளே போகிறவர்கள். தேசியக் கணக்கெடுப்பில் மாதச் சம்பளம் வாங்கும் ஒப்பந்தத் தொழிலாளி பெரும்பாலும் 'முறையான ஊதியம்' என்ற கட்டத்தில் நிரந்தரத் தொழிலாளியோடு சேர்ந்துவிடுவார்.

பிரித்துப் பார்க்க நல்ல வழி பி.எஃப். பாஸ்புக். செல்போனிலேயே காட்டுவார்கள். மூன்று விஷயம் பாருங்கள். ஒன்று, நிறுவனத்தின் பெயர் எத்தனை முறை மாறியிருக்கிறது. ஒரே பம்ப் ஹவுஸில் பத்து வருடம் நின்றவருக்கு நான்கு முதலாளி பெயர் இருக்கும். ஒப்பந்தம் கைமாறியிருக்கிறது, ஆள் மாறவில்லை. இரண்டு, மாதா மாதம் வரவு வந்திருக்கிறதா, நடுவில் இரண்டு மூன்று மாதம் வெற்றாக இருக்கிறதா. மூன்று, பிடித்தம் எந்தச் சம்பளத்துக்கு. 12 சதம் என்பதால் பிடித்த தொகையை 0.12-ஆல் வகுத்தால் கணக்கில் காட்டிய சம்பளம் வந்துவிடும். வாயால் சொன்ன சம்பளத்துக்கும் இதற்கும் இடைவெளி இருந்தால் அதையும் ஒரு கட்டத்தில் எழுதுங்கள். அந்த இடைவெளியே ஓர் அளவுகோல்.

இ.எஸ்.ஐ. அட்டையை வைத்து மட்டும் 'பாதுகாப்பு உண்டு, இல்லை' என்று பிரிக்காதீர்கள். மாதம் 21,000 ரூபாய் வரம்பைத் தாண்டினால் அந்தப் பங்களிப்புக் காலம் (ஏப்ரல்-செப்டம்பர் அல்லது அக்டோபர்-மார்ச்) முடிந்ததும் இ.எஸ்.ஐ. நின்றுவிடும். கூலி கொஞ்சம் ஏறியதால் மருத்துவம் போனவரும், முதலிலிருந்தே எதுவும் இல்லாதவரும் ஒரே கட்டத்தில் விழுவார்கள்.

10 ஆகஸ்ட், காலை 8.00

3-ம் தேதி எழுதியதில் ஒரு திருத்தம். 5, 15 கிலோமீட்டர் என்று காம்பஸ் வைத்து வட்டம் போட்டது தவறு. மாவட்டக் கனிம அறக்கட்டளை நிதிக்கான 2024 வழிகாட்டுதல் 15 கிலோமீட்டரை நேரடிப் பாதிப்பு என்றும் 25-ஐ மறைமுகப் பாதிப்பு என்றும் வைத்திருப்பது என் கைக்கும் பழகிவிட்டது. அது பணம் செலவிடும் எல்லை. பாதிப்பு வட்டமாகப் பரவாது.

நெய்வேலியில் அது தண்ணீர் வழியாகப் போகிறது. கரிப் படுகைக்கு அடியில் அழுத்தத்தோடு நிற்கும் ஆர்ட்டீசியன் நீரை இரவு பகலாக இறைத்து அழுத்தத்தைக் குறைத்தால்தான் சுரங்கத்தின் அடித்தளம் பொங்கி உடையாமல் இருக்கும். அதனால் ஒரு பக்கம் விவசாயியின் போர் கீழே போகிறது. மறுபக்கம் வெளியேற்றும் நீர் வாலாஜா ஏரி, பெருமாள் ஏரிப் பக்கம் பாசனத்துக்குப் பாய்கிறது. ஒரே தூரத்தில் இருக்கும் இரண்டு ஊரில் ஒன்று இழக்கும், ஒன்று பெறும். வட்டத்துக்குள் இரண்டையும் சேர்த்துச் சராசரி எடுத்தால் பாதிப்பே இல்லை என்று வரும். மண் கொட்டும் மேடும் அப்படித்தான். பரவனாறு திருப்பிவிடப்பட்ட பக்கத்து ஊர்களின் மழைக்கால நிலைமை எதிர்ப்பக்க ஊர்களுக்குக் கிடையாது.

எனவே நான்காம் அடுக்கை இரண்டாக உடையுங்கள்: சுரங்க நீர் பாசனமாக வரும் ஊர்கள், வராத ஊர்கள். ஒப்பீட்டு ஊர்களும் ஒரே வகையாக இருக்கக்கூடாது. கம்மாபுரம் பக்கம் போர் வைத்து நெல். பண்ருட்டிப் பக்கம் செம்மண், முந்திரி, பலா. நெல் ஊருக்கு நெல் ஊரையும் முந்திரி ஊருக்கு முந்திரி ஊரையும் ஜோடி சேர்க்கவேண்டும்.

நீரின் இழப்பை எப்படி எண்ணாக்குவது? மின்கட்டணத்தில் தேடாதீர்கள், 1990-லிருந்து விவசாய மின்சாரம் இலவசம், ஆழம் கூடினால் விவசாயியின் ரசீதில் தெரியாது. போர் போட்ட வருடம், அப்போதைய அடி, பிறகு எத்தனை முறை ஆழப்படுத்தினார்கள், மோட்டார் எத்தனை எச்.பி.யிலிருந்து எத்தனைக்கு மாறியது, இறக்கிய குழாய் எத்தனை. கடைசிக் கேள்விதான் நம்பகமானது. அடியை மறந்தாலும் எத்தனை குழாய் இறக்கினோம் என்பது மறக்காது, கடைக்காரருக்குப் பணம் கொடுத்த கணக்கு அது. அப்படிக் கேட்டு வந்ததை மத்திய நிலத்தடி நீர் வாரியம் ஜனவரி, மே, ஆகஸ்ட், நவம்பரில் எடுக்கும் மட்டங்களோடு ஒப்பிடலாம். மேயை மேயோடு மட்டும். மேயையும் நவம்பரையும் ஒப்பிட்டு 'நீர் ஏறிவிட்டது' என்று எழுதிவிடாதீர்கள்.

11 ஆகஸ்ட், இரவு 9.15

இழப்பீடு வருமானம் இல்லை. சொத்து ஒன்று போய் இன்னொரு சொத்து வந்தது, அவ்வளவுதான். பணம் வந்த வருடம் செலவைக் கேட்டால் வீடு, கல்யாணம், நகை என்று எல்லாம் ஏறி ஊரே செழித்ததாகத் தெரியும். ஐந்தாம் வருடம் போனால் படம் வேறு. அதனால் அதை ஆண்டு வரவாக மாற்றிப் பாருங்கள்.

உதாரணத்துக்கு நான் வைக்கும் எண்கள்: ஏக்கருக்கு 20 லட்சம், 7 சத வட்டி, 1,40,000. விலைவாசிக்கு 4 சதம் கழித்தால் உண்மையில் நிற்பது 3 சதம், 60,000. நெல் பக்கம்: ஏக்கருக்கு 22 குவிண்டால் (40 கிலோ சிப்பமாக 55). 2024-25-ல் தமிழகக் கொள்முதல் விலை சாதாரண ரகத்துக்கு ஊக்கத்தொகை சேர்த்து 2,405. வரவு 52,910. செலவு 32,000 என்றால் மிச்சம் 20,910. இரண்டு போகத்துக்கு 41,820.

பார்த்தால் நிலச் சொந்தக்காரருக்கு இழப்பீடு கூடுதலாகவே தெரிகிறது. அதை மறைக்காமல் எழுதுங்கள். அதே நேரம் செலவு 32,000-க்குள் ஆள்கூலி 12,000 இருக்கிறதே, அது இரண்டு போகத்துக்கு 24,000. நாளுக்கு 400 என்றால் 60 ஆள்நாள். 100 ஏக்கர் போனால் ஆண்டுக்கு 6,000 ஆள்நாள், 24 லட்சம் ரூபாய் கூலி. அதை வாங்கிக்கொண்டிருந்தவர் பெயரில் பட்டா இல்லை, ஆகவே காசோலையும் இல்லை. சொந்தக்காரரின் செலவுப் பட்டியலில் இருந்த ஒரு வரிதான் காலனித் தெருவின் வருமானம். மாவட்டத்தில் பட்டியல் சாதியினர் 29 சதம். இந்த 24 லட்சத்தைச் சாதிவாரியாகவும் ஆண் பெண் வாரியாகவும் பிரிக்காத எந்த ஆய்வும் 'எல்லோரையும் உள்ளடக்கிய' என்ற சொல்லைத் தலைப்பில் போடக்கூடாது.

12 ஆகஸ்ட், காலை 6.30

நேற்றையதற்கு ஒரு பின்குறிப்பு. கூலிநாள் குறைந்ததெல்லாம் சுரங்கத்தால் என்று சொல்லிவிட முடியாது. அறுவடை இயந்திரமும் நடவு இயந்திரமும் எல்லா ஊரிலும் ஆள்நாளைத் தின்றிருக்கின்றன. ஒப்பீட்டு ஊரில் 10 நாள் குறைந்து சுரங்க ஊரில் 45 நாள் குறைந்திருந்தால், சுரங்கத்தின் பேரில் எழுதவேண்டியது 35. ஜோடி ஊர் இல்லாமல் இந்தக் கழித்தல் முடியாது.

16 ஆகஸ்ட், மாலை 5.45

800 குடும்பம் என்று சொன்னதையும் திருத்துகிறேன். 160 என்பது ஒரு நாளின் நிலையைச் சொல்லப் போதும். நீங்கள் கேட்பது மாற்றம். இரண்டு சுற்றுக்கு இடையில் 10 புள்ளி மாற்றத்தை, உண்மையிலேயே இருந்தால் ஐந்தில் நான்கு முறை பிடிக்கவேண்டுமானால், ஒவ்வொரு சுற்றிலும் ஓர் அடுக்குக்கு ஏறத்தாழ 392 வேண்டும். அதே குடும்பங்களுக்கே திரும்பப் போனால், இரு சுற்று விடைகளுக்கும் இடையே 0.5 தொடர்பு என்று வைத்து, 196 ஆகும். ஒரே தெருவில் எடுப்பதற்கு ஒன்றரை மடங்கு, 294. இடையில் தொலைந்துபோவோருக்காகக் கூட்டி 340 வைத்துக்கொள்ளுங்கள். ஆறு அடுக்குக்கு 2,040 குடும்பம். பணம் போதாதென்றால் அடுக்கைக் குறையுங்கள், அடுக்குக்குள் எண்ணிக்கையைக் குறைக்காதீர்கள்.

17 ஆகஸ்ட், காலை 9.00

இத்தனை எழுதிய பிறகு ஒன்று தெளிவாகிறது. முதலில் எழுதியிருக்கவேண்டியதைக் கடைசியில் எழுதுகிறேன். எந்தக் குறியீடு என்பது இரண்டாம் கேள்வி. எந்தப் பட்டியலிலிருந்து குடும்பத்தை எடுக்கிறீர்கள் என்பதுதான் முதல் கேள்வி. இன்றைக்கு ஊரில் இருப்பவர்களின் பட்டியலை எடுத்தால், போனவர்கள் ஆய்விலிருந்தும் போய்விடுவார்கள். தாக்குப்பிடித்தவர்களை மட்டும் அளந்து வளர்ச்சி என்று எழுதுவோம்.

நிலமெடுப்புத் தீர்ப்பாணையின் பட்டியலில் பட்டாதாரர் பெயர்தான் இருக்கும். குத்தகைக்கு உழுதவர், விளைச்சலில் பங்குக்கு (வாரத்துக்கு) உழுதவர் இல்லை, கூலியாள் இல்லை. நிலம் எடுப்பது மாநிலத்தின் 1997 சட்டத்தின் கீழ் என்றாலும், யார் பாதிக்கப்பட்ட குடும்பம் என்பதற்கு மத்திய அரசின் 2013 நிலமெடுப்புச் சட்டத்தின் வரையறையை அளவுகோலாக எடுங்கள். மூன்று வருடமாக அந்த நிலத்தை நம்பிப் பிழைத்த கூலியாளும் குத்தகையாளும் அதில் வருகிறார்கள்.

அவர்களின் பெயர் எங்கே கிடைக்கும்? கடலூர், நூறு நாள் வேலை 2006-ல் முதல் கட்டத்திலேயே தொடங்கிய மாவட்டங்களில் ஒன்று. அந்தக் காலத்து வேலை அட்டைப் பதிவேட்டில் ஊர்வாரியாக, குடும்பவாரியாக, பெண்களின் பெயரோடு கூலிக்குடும்பங்கள் இருக்கின்றன. நிலமெடுப்புக்கு முந்தைய பட்டியலாக இதைவிட நல்லது கிடையாது. ஊராட்சி அலுவலகத்தில் பழைய நோட்டை முதலில் கேளுங்கள், இணையத்தில் இப்போது இருப்பது நீக்கங்களுக்குப் பிந்தைய பட்டியல். அதோடு பழைய வாக்காளர் பட்டியலை வைத்து வீட்டு எண் வாரியாகச் சரிபாருங்கள்.

பிறகு ஆளைத் தேடுவது. குடியமர்த்திய நகரில் ஐந்தாறு பேரைக் கேட்டாலே யார் திருப்பூரில், யார் சென்னையில் கட்டட வேலையில் என்று தெரிந்துவிடும். போனில் பேசலாம், அதற்கென்று 25 கேள்வியில் சுருக்கப் படிவம் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். கண்டுபிடிக்க முடியாதவர்களை 'விவரம் இல்லை' என்று தள்ளாமல், எத்தனை பேர், எந்தத் தெரு, நிலம் இருந்ததா இல்லையா என்று ஒரு அட்டவணை போடுங்கள். முதல் சுற்றிலேயே கூலிக்குடும்பங்களில் பாதி கிடைக்கவில்லை என்றால் அந்த அட்டவணைதான் உங்கள் முதல் முடிவு.

19 ஆகஸ்ட், இரவு 8.20

'ஓய்வூதியம் வட்டாரத்தைத் தாங்குகிறதே, அதைச் சேர்க்கலாமா' என்று கேட்டவருக்கு: சேர்க்கலாம், தனிப் பத்தியில். அமெரிக்காவின் அப்பலாச்சியன் நிலக்கரிப் பகுதியில் கவுண்டிகளை (அங்கத்து மாவட்டங்களை) தரம் பிரிக்கும் ஆணையம் மூன்றே எண்ணைத்தான் பார்க்கிறது: மூன்று வருடச் சராசரி வேலையின்மை, வறுமை விகிதம், அரசு உதவிகளைக் கழித்த தலைவீத வருமானம். மூன்றாவதில் அந்தக் கழித்தல்தான் பாடம். சுரங்கம் மூடும்போது ஓய்வூதியமும் உதவித்தொகையும் கூடி மொத்த வருமானத்தைத் தாங்கிப் பிடிக்கும், அடியில் உழைப்பு வருமானம் சரிந்தது தெரியாது. நெய்வேலியில் 1962-ல் தொடங்கிய 600 மெகாவாட் முதல் அனல்மின் நிலையம் 2020-ல் நிறுத்தப்பட்டது. நிரந்தரப் பணியாளர் ஓய்வு பெற்று அந்த இடத்துக்கு ஒப்பந்த ஆள் வந்தால், பத்துப் பதினைந்து வருடம் ஓய்வுக்காலப் பணம் அந்த இறக்கத்தை மூடிக்கொண்டிருக்கும்.

ஆனால் அவர்களுடைய வேலையின்மை அளவை அப்படியே எடுக்கவேண்டாம், 5-ம் தேதிக் குறிப்பில் சொன்ன காரணம்தான். கவுண்டி பெரிது என்பதால் உள்ளே இருக்கும் நலிந்த பகுதிகளைத் தனியாகக் குறிக்கும் வழக்கமும் அவர்களுக்கு உண்டு. அதை எடுத்துக்கொள்ளலாம்.

19 ஆகஸ்ட், இரவு 8.50

கனிம நிதி எவ்வளவு என்று கேட்டதற்கு, வழிமுறை மட்டும். பழுப்பு நிலக்கரிக்கு ராயல்டி விலையில் 6 சதம், மாநிலத்துக்கு. 2015 ஜனவரி 12-க்கு முந்தைய குத்தகை என்பதால் ராயல்டியில் 30 சதம் மாவட்டக் கனிம அறக்கட்டளைக்கு, அதாவது விலையில் 1.8 சதம். டன் 2,500 ரூபாய் என்று வைத்தால் 45 ரூபாய். ஒரு கோடி டன்னுக்கு 45 கோடி. அதில் 70 சதம் குடிநீர், சுகாதாரம், கல்வி போன்ற முன்னுரிமைத் துறைகளுக்கு. எத்தனை கட்டடம் கட்டினார்கள் என்று எண்ணாதீர்கள். எந்த ஊராட்சியில் கட்டினார்கள் என்று வரைபடத்தில் புள்ளி வைத்து, உங்கள் ஆறு அடுக்கின் மேல் போட்டுப் பாருங்கள்.

23 ஆகஸ்ட், காலை 7.40

கடைசியாக நீங்கள் கேட்ட ஒற்றை எண். கட்டாயம் வேண்டுமென்றால் கூட்டி வகுக்காமல் பெருக்கி மூலம் எடுங்கள். ஓர் அடுக்கில் சம்பளம் 80, பெண்கள் வேலை 20, நீர் 50 என்றால் கூட்டுச் சராசரி 50. மூன்றிலும் 50 எடுத்த இன்னொரு அடுக்குக்கும் 50. பெருக்குச் சராசரியில் முதலாவது 43-க்கு இறங்கிவிடும், இரண்டாவது 50-லேயே நிற்கும். ஆணின் சம்பளத்தைக் கொண்டு பெண்ணின் வேலையிழப்பை ஈடுகட்ட இது விடாது. ஐ.நா.வின் மனித மேம்பாட்டுக் குறியீடும் 2010-ல் இந்த முறைக்குத்தான் மாறியது.

கினி கெழு (வருமான ஏற்றத்தாழ்வை ஒரே எண்ணாகச் சொல்வது) வேண்டாம். இழப்பீடு வாங்கிய நான்கைந்து குடும்பம் மாதிரியில் விழுந்தாலே அது தாறுமாறாக ஆடும். கீழ்த்தட்டு 40 சதத்தின் சராசரி உழைப்பு வருமானம் எத்தனை சதம் ஏறியது, மொத்தச் சராசரி எத்தனை சதம் ஏறியது, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் போடுங்கள். ஒற்றை எண்ணை எங்கே அச்சிட்டாலும் அதே வரியில் ஆறு அடுக்கில் மிகக் குறைந்ததன் எண்ணும், தேடிக் கிடைக்காத குடும்பங்களின் எண்ணிக்கையும் வரவேண்டும்.

24 ஆகஸ்ட், மதியம் 12.10

நீங்கள் அனுப்பிய படிவத்தைப் பார்த்தேன். ஏப்ரலில் ஒரே சுற்று என்று போட்டிருக்கிறீர்கள். ஏப்ரல் முந்திரிக் காலம், பண்ருட்டிப் பக்கம் பெண்களுக்கு வேலை இருக்கும், நெல் ஊர்களில் இருக்காது. ஒப்பீடு கோணிவிடும். சம்பா அறுப்பு முடிந்த பிப்ரவரியில் ஒன்று, ஆகஸ்டில் ஒன்று என்று வையுங்கள். 14-ம் கேள்வி 'கடந்த வாரம் வேலை தேடினீர்களா' என்றிருப்பதை 'பக்கத்தில் கூலி கிடைத்தால் நாளைக்கே போவீர்களா, எவ்வளவு கொடுத்தால், எவ்வளவு தூரம்' என்று மூன்றாக உடையுங்கள். குடும்பத் தலைவரிடம் கேட்காமல் அந்தப் பெண்ணிடமே கேளுங்கள், அதற்கு இரண்டு பெண் கணக்கெடுப்பாளராவது குழுவில் வேண்டும்.